மூலப்படி ஒன்று, நகல் பல: வீட்டுப் பாட்டுச் சேமிப்புக்கு ஒரு வழிகாட்டி

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் என்று பாலக்காட்டு எல்லையோரத்தில் எந்த வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தாலும் பாட்டுச் சேமிப்பு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கிறது. மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரும் கடையிலிருந்து வந்த எம்பி3 குவியல் ஒன்று. பொள்ளாச்சியில் வாங்கிய சிடிகளிலிருந்து யாரோ எடுத்துவைத்தவை கொஞ்சம். வளைகுடாவில் இருக்கும் மாமா மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பியவை. திருவிழாவில் போனில் பிடித்த செண்டை மேளம். அலமாரியில் தொடப்படாமல் கிடக்கும் கேசட்டுகள். தமிழும் மலையாளமும் ஒரே ஃபோல்டரில் கலந்து கிடக்கும். பாதிப் பாட்டுக்கு 'டிராக் 01' என்றுதான் பெயர்.

இதை ஒழுங்குபடுத்த உட்காருகிறவர் எடுத்தவுடன் "எந்த வடிவம் நல்லது?" என்று கேட்கிறார். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தக் கோப்பு எதிலிருந்து வந்தது? அது தெரிந்தால்தான் எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது என்பது தெரியும். விதைநெல்லைக் குத்திச் சாப்பிடக் கூடாது என்று பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்து விவசாயிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாட்டிலும் அப்படி ஒரு படியை ஒதுக்கிவைக்க வேண்டும். அதை மூலப்படி என்று இங்கே சொல்கிறேன். காருக்கு, போனுக்கு, கோயில் ஒலிபெருக்கிக்கு என்று வேண்டிய நகல்களை எல்லாம் மூலப்படியிலிருந்தே எடுக்க வேண்டும். நகலிலிருந்து இன்னொரு நகல் எடுக்கக் கூடாது. இந்தக் கட்டுரையில் வரும் மற்ற எல்லாப் படிகளும் இந்த ஒரு விதியிலிருந்து கிளைப்பவைதான்.

கையில் இருப்பது என்ன?

கோப்பின் பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகளை விண்டோஸ் பொதுவாக மறைத்துவைக்கும். ஃபைல் எக்ஸ்புளோரரின் 'வியூ' பட்டியலில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் அவை தெரியும். வேவ், ஃபிளாக் ஆகியவை ஒரு சாதி: ஒலியில் ஒரு துளிகூடப் போகாமல் வைத்திருப்பவை. இவற்றை இழப்பற்றவை என்போம். எம்பி3, டபிள்யூஎம்ஏ, ஓக், ஓபஸ் ஆகியவை இன்னொரு சாதி: காதுக்கு எட்டாது என்று கணக்குப் போட்ட பகுதிகளை வெட்டி எறிந்து சிறிதாக்கியவை. வெட்டியதை எந்த மென்பொருளாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

எம்4ஏ இரட்டை வேடம் போடும். அதன் உள்ளே இழப்புள்ள ஏஏசியும் இருக்கலாம், ஆப்பிளின் இழப்பற்ற ஆலாக்கும் இருக்கலாம். கோப்பின் மேல் வலது சொடுக்கி 'பிராப்பர்ட்டீஸ்', 'டீடெய்ல்ஸ்' என்று போய் பிட் ரேட்டை, அதாவது ஒரு விநாடி ஒலிக்கு எத்தனை கிலோபிட் செலவாகிறது என்பதை, பாருங்கள். 128, 256 என்று இருந்தால் பெரும்பாலும் ஏஏசி. 700, 900 என்று இருந்தால் ஆலாக்.

அளவுக் கணக்கு எளிது. சிடியில் ஒரு விநாடி ஒலியை 44,100 துண்டுகளாக அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில், இடது வலது என இரண்டு தடத்தில் எழுதுகிறார்கள். பெருக்கினால் விநாடிக்கு சுமார் 1,411 கிலோபிட். ஐந்து நிமிடப் பாட்டு ஒன்று வேவ் கோப்பாக 53 எம்பி பிடிக்கும். அதே பாட்டு ஃபிளாக்கில், பாட்டின் தன்மையைப் பொறுத்து, 25 முதல் 35 எம்பி. 320 கிலோபிட் எம்பி3 என்றால் 12 எம்பி. 128 என்றால் 5 எம்பிக்கும் கீழே. மனிதக் காது அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். அதைப் பதிவு செய்ய அதன் இரண்டு மடங்குக்குச் சற்று மேலே அளந்தால் போதும். 44,100 வந்தது அப்படித்தான். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று விளம்பரப்படுத்தும் கோப்புகள் நிமிடத்துக்கு 69 எம்பி தின்னும். ஒலிப்பதிவுக் கூடத்தில் அதற்கு வேலை உண்டு. வீட்டில் கேட்பதற்கு சிடி தரமே தாராளம் என்பது என் தீர்ப்பு.

எதற்கு எது?

மூலப்படிக்கு ஃபிளாக். 2001 முதல் இலவசமாக, யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த நிரலாகக் கிடைக்கிறது. 2024 டிசம்பரில் இணையத் தரநிலை ஆவணமாகவும் வெளியாகிவிட்டது. எந்த நிறுவனம் மூடினாலும் இது அநாதையாகாது. கோப்பின் உள்ளேயே ஒலிக்கான சரிபார்ப்பு எண் ஒன்று இருப்பதால், பத்து வருடம் கழித்தும் கோப்பு கெட்டிருக்கிறதா என்று சோதிக்கலாம். வேவிலும் ஒலி அதேதான். ஆனால் இடம் இரண்டு மடங்கு போகும், பாடகர் பெயர், படத்தின் பெயர் முதலிய குறிப்புகளை அது ஒழுங்காகச் சுமக்காது. ஃபிளாக் எடுக்கும்போது 0 முதல் 8 வரை எண் கேட்கும். எந்த எண்ணிலும் ஒலி ஒன்றே. சுருக்க ஆகும் நேரமும் கோப்பின் அளவும்தான் கொஞ்சம் மாறும். 5 என்று இருப்பதை அப்படியே விட்டுவிடுங்கள்.

வீட்டில் எல்லோரும் ஐஃபோன்காரர்கள் என்றால் ஆலாக் எடுக்கலாம். 2004இல் வந்தது, 2011இல் ஆப்பிள் அதன் நிரலைத் திறந்துவிட்டது. ஃபிளாக்கிலிருந்து ஆலாக்குக்கும் அங்கிருந்து திரும்பவும் எத்தனை முறை மாற்றினாலும் ஒலியில் எதுவும் போகாது. ஆகையால் இந்த இரண்டுக்குள் எதைத் தேர்ந்தெடுத்தாலும் பிறகு வருத்தப்பட ஒன்றுமில்லை.

பயணத்துக்கு எம்பி3. 1993இல் தரநிலையாக வந்த கிழம்தான். ஓபஸும் ஏஏசியும் அதைவிடச் சிறிய அளவில் நன்றாகவே ஒலிக்கின்றன. ஆனால் பழைய ஜீப்பின் ஸ்டீரியோ, டீக்கடையின் யுஎஸ்பி பெட்டி, கோயில் ஒலிபெருக்கிக்காரரின் மிக்ஸர் எல்லாமே தவறாமல் பாடுவது எம்பி3 ஒன்றைத்தான். 2017இல் அதன் காப்புரிமைத் தொல்லையும் ஒழிந்துவிட்டது. ஆண்ட்ராய்டு போனுக்கு மட்டும் என்றால் ஓபஸ் அருமையானது. 128 கிலோபிட்டிலேயே பெரும்பாலோர் குறை சொல்ல மாட்டார்கள்.

டபிள்யூஎம்ஏ கோப்புகள் பழைய கம்ப்யூட்டரில் நிறையக் கிடக்கும். புதிதாக அதில் எதையும் எடுக்காதீர்கள்.

சிடியிலிருந்து எடுத்தல்

முதலில் சிடியைத் திறந்து பாருங்கள். 'ஒரே தட்டில் 100 பாட்டு' என்று விற்ற தட்டுகளில் இருப்பவை எம்பி3 கோப்புகள். அவற்றைக் கம்ப்யூட்டருக்கு நகலெடுத்தால் போதும், வேறு வேலை இல்லை. உண்மையான ஆடியோ சிடியில் 'சிடிஏ' என்ற வாலோடு, ஒரு கேபி அளவில், பாட்டுக்கு ஒன்றாகச் சிறு கோப்புகள் தெரியும். புதியவர்கள் இதை அப்படியே இழுத்து ஃபோல்டரில் போட்டுவிட்டு சிடியை யாருக்காவது கொடுத்துவிடுகிறார்கள். அந்தக் கோப்பில் பாட்டு இல்லை. பாட்டு தட்டில் எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற முகவரி மட்டுமே அதில் இருக்கிறது.

ஃபூபார்2000 என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். அதே தளத்தில் 'ஃப்ரீ என்கோடர் பேக்' என்று தனியாக ஒன்று இருக்கும்; அதையும் நிறுவினால்தான் எம்பி3, ஃபிளாக், ஓபஸ் எல்லாம் எழுத முடியும். சிடியைப் போட்டு, 'ஃபைல்' பட்டியலில் 'ஓப்பன் ஆடியோ சிடி' என்பதைத் தேர்ந்தெடுத்து, 'ரிப்' சொடுக்குங்கள். உலகெங்கும் அதே சிடியை எடுத்தவர்களின் முடிவோடு உங்கள் முடிவை ஒப்பிட்டுப் பார்க்கும் 'ஆக்யுரேட்ரிப்' வசதி இதில் இருக்கிறது. அதை இயக்கத்தில் வையுங்கள். நம் பக்கத்துச் சிறு நிறுவனங்களின் பக்தி சிடிகள் அந்தப் பட்டியலில் இல்லாமல் போகலாம். அப்போது ஒரே சிடியை இரண்டு முறை எடுத்து, இரண்டும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். கீறல் விழுந்த தட்டை மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து வெளிவிளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் புதுக் கீறல் தடத்தோடு ஒட்டி ஓடும், படிப்பது இன்னும் கடினமாகும்.

கேசட்

இதற்குப் பொறுமை வேண்டும், ஏனென்றால் 90 நிமிட கேசட்டை எடுக்க 90 நிமிடம் ஆகும். அவசரமாக வேகத்தைக் கூட்ட வழியில்லை.

மழைக்கால ஈரத்தில் இருந்த கேசட்டை ஜன்னல் வழியே வெளிச்சத்தில் பாருங்கள். நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அது பூஞ்சை. அதை அப்படியே ஓட்டினால் பூஞ்சை கேசட் ஓட்டும் டெக்குக்குள் ஏறி அடுத்த கேசட்டுக்கும் போகும். அதைத் தனியே எடுத்துவைத்து, நல்லவற்றை முதலில் முடியுங்கள். டெக்கில் நாடாவைப் படிக்கும் தலைப்பகுதியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்துக் காயவிடுங்கள்.

அடுத்தது, பெரும்பாலோர் தாண்டிப் போகும் ஒரு விஷயம். கேசட் டெக்கில் தலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன திருகு இருக்கும். பதிவு செய்த டெக்கின் தலையும் உங்கள் டெக்கின் தலையும் ஒரே கோணத்தில் இல்லாவிட்டால் ஒலி கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கிவிடும். பாட்டை ஓடவிட்டு, அந்தத் திருகை ஒரு முடி அளவு இப்படியும் அப்படியும் திருப்பிக் கேளுங்கள். ஜாலராவும் 'ச'கர ஒலியும் எந்த இடத்தில் பளிச்சென்று தெளிகின்றனவோ அங்கே நிறுத்துங்கள். பிறகு கம்ப்யூட்டரில் எத்தனை பொத்தான் திருகினாலும் இந்தத் தெளிவைக் கொண்டுவர முடியாது.

டெக்கின் 'லைன் அவுட்' துளையிலிருந்து கம்ப்யூட்டரின் நீலநிற 'லைன் இன்' துளைக்குக் கம்பி போக வேண்டும். இளஞ்சிவப்புத் துளை மைக்குக்கு உரியது. அதில் செருகினால் ஒலி உடைந்து கேட்கும். இன்றைய லேப்டாப்களில் லைன் இன் பெரும்பாலும் கிடையாது. யுஎஸ்பி ஒலி அடாப்டர் வாங்கும்போது 'ஸ்டீரியோ லைன் இன்' என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மலிவானவற்றில் ஒற்றைத் தட மைக் துளை மட்டுமே இருக்கும்.

ஆடசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதிவு செய்யலாம். மிக உரத்த இடத்திலும் முள் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி அளவை வையுங்கள். சிவப்பைத் தொட்டால் அந்த இடம் நிரந்தரமாகக் கிழிந்ததுதான். முடிந்ததும் பாட்டுக்குப் பாட்டு 'லேபிள்' இட்டு, மொத்தமாக 24 பிட் ஃபிளாக்காக ஏற்றுமதி செய்யலாம். இரைச்சலை நீக்கும் வசதி அதில் உண்டு, கை துறுதுறுக்கும். மூலப்படியில் அதைப் போடாதீர்கள். இரைச்சலோடு தம்பூராவின் நுனியும் போய்விடும். வேண்டுமானால் நகலில் செய்து பாருங்கள். நாளைக்கு இதைவிட நல்ல மென்பொருள் வரும்போது இரைச்சலோடு கூடிய மூலம் உங்களிடம் இருக்கும்.

பாலக்காட்டுக் கோட்டாயியைச் சேர்ந்த கர்நாடக இசைப் பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் (1896–1974) பெயரில் குருவாயூரில் ஆண்டுதோறும் நடக்கும் சங்கீத உற்சவத்தை வானொலியிலிருந்து கேசட்டில் பிடித்துவைத்த வீடுகள் இந்தப் பக்கம் உண்டு. கடையில் வாங்கிய சினிமாப் பாட்டு கேசட்டுக்கு முன்னால் இவற்றை எடுங்கள். சினிமாப் பாட்டு வேறு எங்காவது கிடைத்துவிடும்; அந்த ஒலிபரப்பு உங்கள் அலமாரியைத் தவிர வேறெங்கும் இல்லாமல் போகலாம்.

போனில் பிடித்தவை

நெம்மாறை–வல்லங்கி வேலா திருவிழாவில் பஞ்சவாத்தியத்தைப் போனில் பிடித்தீர்கள் என்றால், போன் எழுதிய அந்தக் கோப்புதான் உங்கள் மூலப்படி. அது எம்4ஏவோ எம்பி4 வீடியோவோ, அப்படியே இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது மறுபடி சுருக்கிவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் கோப்பு தொடப்படாமல் போகும். துபாயில் இருப்பவரிடம் கேட்டு வாங்கும்போதும் இதையே சொல்லுங்கள். வீடியோவிலிருந்து ஒலி மட்டும் வேண்டுமென்றால், மறுபடி சுருக்காமல் உள்ளே இருக்கும் ஏஏசியை அப்படியே பிரித்தெடுக்கும் வழி உள்ள மென்பொருளைப் பயன்படுத்துங்கள். 'வீடியோவை எம்பி3 ஆக்கு' என்று சொல்லும் செயலிகள் எல்லாம் இரண்டாம் முறை வெட்டுகின்றன.

எம்பி3 குவியலை என்ன செய்வது?

எதுவும் செய்யாதீர்கள். 128 கிலோபிட் எம்பி3யை ஃபிளாக்காக மாற்றினால் கோப்பு ஐந்து மடங்கு பருக்கும், ஒலி அங்கேயே நிற்கும். 320 ஆக மாற்றினால் இன்னும் கேடு; வெட்டியதையே மறுபடி வெட்டியதாகும். நல்ல மூலம் கிடைக்கும்வரை அந்த எம்பி3தான் உங்களுக்கு மூலப்படி. டபிள்யூஎம்ஏ மட்டும் பல போன்களில் பாடாது என்பதால் எம்பி3 ஆக மாற்ற வேண்டிவரும். மாற்றிய பிறகும் பழையதை அழிக்காதீர்கள்.

யாராவது 'ஃபிளாக் கலெக்‌ஷன்' என்று ஒரு பென்டிரைவ் கொடுத்தால் நம்பிவிட வேண்டாம். ஸ்பெக் என்ற சிறு இலவச மென்பொருளில் கோப்பை இழுத்துப் போட்டால் ஒலியின் அலைவரிசைப் படம் வரும். 16,000 ஹெர்ட்ஸ் வாக்கில் கத்தியால் அறுத்ததுபோல் நேர்கோடாக முடிந்து, அதற்கு மேல் வெறும் கறுப்பாக இருந்தால், அது 128 எம்பி3யிலிருந்து பண்ணிய போலி ஃபிளாக் என்று சந்தேகிக்கலாம். பழைய இசைத்தட்டு, கேசட் பதிவுகளிலும் மேல்பகுதி வெறுமையாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே அது சரிவாக மங்கிப்போகும், நேர்கோடாக அறுந்து நிற்காது.

பெயர்கள்: பாதி வேலை இதில்தான்

எல்லையோரச் சேமிப்பின் பெரிய தலைவலி ஒலித்தரம் இல்லை, பெயர்தான். ஒரே பாடகர் ஒரு கோப்பில் ஜேசுதாஸ், இன்னொன்றில் யேசுதாஸ், மூன்றாவதில் ஆங்கில எழுத்தில், நான்காவதில் மலையாள எழுத்தில் இருப்பார். கம்ப்யூட்டருக்கு அவர் நான்கு பேர். போனில் பாடகர் பட்டியலைத் திறந்தால் நான்கு இடத்தில் சிதறிக் கிடப்பார்.

எம்பி3டேக் என்ற மென்பொருளில் ஃபோல்டரைத் திறந்து, பாடகர் வாரியாக வரிசைப்படுத்துங்கள். ஒரே ஆளின் எல்லா வடிவங்களையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, இடப்பக்கம் உள்ள பெட்டியில் ஒரே எழுத்துக்கூட்டலைத் தட்டிச் சேமியுங்கள். நான் பின்பற்றும் ஏற்பாடு இது: பாட்டின் தலைப்பு அந்தந்த மொழியின் எழுத்தில், ஆட்களின் பெயர் எல்லாம் ஒரே எழுத்தில். பாலக்காட்டு எலப்புள்ளியில் 1928இல் பிறந்த எம்.எஸ்.விஸ்வநாதன் தமிழுக்கும் மலையாளத்துக்கும் இசையமைத்தவர். இரண்டு மொழிப் பாட்டும் அவர் பெயரின் கீழ் ஒன்றாக வர வேண்டும் என்றால் அவர் பெயர் ஓர் எழுத்தில்தான் இருக்க முடியும்.

சினிமாப் பாட்டுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஒரு படத்தில் ஐந்து பாட்டு, ஐந்து பாடகர் கூட்டணி. சும்மா விட்டால் போன் அந்த ஆல்பத்தை ஐந்தாக உடைத்துவிடும். 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' என்ற இடத்தில் எல்லாப் பாட்டுக்கும் இசையமைப்பாளர் பெயரைப் போடுங்கள், சேர்ந்துகொள்ளும். 'ஆர்ட்டிஸ்ட்' என்ற இடம் பாடகருக்கு. ஒரே படம் தமிழிலும் மலையாளத்திலும் தெலுங்கிலும் வந்திருந்தால் ஆல்பத்தின் பெயருக்குப் பின் மொழியையும் எழுதிவிடுங்கள். கச்சேரிப் பதிவுக்குத் தலைப்பில் கீர்த்தனையும் ராகமும், 'கம்போசர்' இடத்தில் அதை இயற்றிய வாக்கேயக்காரர், 'ஆர்ட்டிஸ்ட்' இடத்தில் பாடியவர். பக்கவாத்தியத்தைக் 'கமென்ட்' பெட்டியில் போட்டால் போதும். மிருதங்கம் பாலக்காடு மணி ஐயர் என்றால் அதை எழுதாமல் விட மனம் வராது.

எழுத்துகள் சதுரப் பெட்டிகளாகவோ குப்பையாகவோ தெரிகின்றனவா? காரணம் இரண்டில் ஒன்று. பழைய எம்பி3 குறிப்பு முறையில் ஒரு பெயருக்கு 30 எழுத்துதான், அதுவும் ஆங்கில எழுத்து மட்டுமே. தமிழுக்கு அங்கே இடமில்லை. எம்பி3டேக்கின் அமைப்பில் ஐடி3 என்ற குறிப்பு முறையின் இரண்டாம் பதிப்பில் 2.3 வகை, யூடிஎஃப்-16 என்று தேர்ந்தெடுத்தால் விண்டோஸ், ஆண்ட்ராய்டு இரண்டிலும் தமிழ் சரியாக வரும். மற்றது, யூனிகோடு பரவுவதற்கு முந்தைய எழுத்துருவில் யாரோ தட்டியது. அதைப் புதிதாகத் தட்டிவிடுவதே விரைவு.

மலையாளத்தில் நுணுக்கமான வம்பு ஒன்றும் இருக்கிறது. உயிர் சேராத மெய்யைக் குறிக்கும் சில்லெழுத்துகளுக்கு 2008இல்தான் யூனிகோடில் தனி இடம் கிடைத்தது. அதற்கு முன் வேறு எழுத்துகளைக் கூட்டி எழுதினார்கள். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு பெயர்கள் பட்டியலில் தனித்தனியே நிற்பது இதனால்தான். ஒன்றை நகலெடுத்து மற்றதன் மேல் ஒட்டிவிட்டால் சேர்ந்துவிடும்.

மாற்றும் வேலை

மூலப்படி ஃபோல்டரும் பெயர்களும் சரியான பிறகே இங்கே வாருங்கள். பெயரைத் திருத்தாமல் மாற்றினால் ஒவ்வொரு நகலிலும் அதே தப்பைத் திருத்த வேண்டிவரும்.

எத்தனை கிலோபிட் வேண்டும் என்பதை அடுத்தவர் சொல்லி முடிவு செய்யாதீர்கள். மேளத்தை வைத்துச் சோதித்துவிடுங்கள். எம்பி3 ஒலியைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கிக் கணக்குப் போடுகிறது. அமைதிக்குப் பின் திடீரென்று விழும் ஓர் அடி இந்த முறைக்குப் பிடிக்காத ஒன்று: அடியின் சத்தம் அந்தத் துண்டு முழுவதும் கசிந்து, கோல் தோலில் படுவதற்கு ஒரு கணம் முன்பே ஒரு 'ஸ்ஸ்' எழும். மேளத்தில் தட்டும் வெண்கலத் தாளமான இலத்தாளம் இன்னும் பொல்லாதது. அதன் ஒலி பெரும்பாலும் உயர் அலைவரிசையில் இருப்பதால், குறைந்த கிலோபிட்டில் வெண்கல ஓசை கரைந்து தண்ணீர் சலசலப்பதுபோல் ஆகிவிடும். சிடியிலிருந்து எடுத்த பஞ்சவாத்தியப் பதிவில், கூட்டு உச்சத்துக்குப் போகும் இடமாகப் பார்த்து 20 விநாடியை வெட்டி, 128, வி2, வி0 என்று மூன்று எம்பி3 ஆக மாற்றுங்கள் (வி எண்களின் பொருள் அடுத்த பத்தியில் வரும்). ஹெட்போன் மாட்டிக்கொண்டு, வேறொருவரை எது எது என்று சொல்லாமல் போடச் சொல்லுங்கள். 128ஐப் பலரும் உடனே பிடித்துவிடுவார்கள். வி2வுக்கும் மூலத்துக்கும் வித்தியாசம் சொல்லத் திணறினால் உங்கள் காதுக்கு வி2 போதும். மெதுவான வீணை வாசிப்பையோ ஒற்றைக் குரல் பாட்டையோ வைத்துச் சோதித்தால் 128கூட நன்றாகத்தான் கேட்கும், ஏமாந்துவிடுவீர்கள்.

வி2, வி0 என்பவை லேம் என்ற எம்பி3 மாற்றியின் தர எண்கள். பாட்டின் சிக்கலுக்குத் தக்கபடி கிலோபிட்டை ஏற்றி இறக்கும். வி2 சராசரியாக 190, வி0 சராசரியாக 245 வாக்கில் நிற்கும். எப்போதும் 320 என்று நிறுத்துவது இடத்தை வீணாக்குவது என்றே சொல்வேன்.

ஃபூபாரில் மூலப்படிப் பாட்டுகளைத் தேர்ந்தெடுத்து, வலது சொடுக்கி, 'கன்வர்ட்' என்பதில் மூன்று புள்ளியுள்ள வரிக்குப் போங்கள். 'அவுட்புட் ஃபார்மட்' இடத்தில் எம்பி3, வி2. 'டெஸ்டினேஷன்' இடத்தில் வேறொரு ஃபோல்டர். மூலப்படி இருக்கும் அதே ஃபோல்டரில் மட்டும் வேண்டவே வேண்டாம், இரண்டும் கலந்தால் பிறகு பிரிப்பது நரகம். 'பிராசஸிங்' பகுதியில் இப்போதைக்கு எதையும் தொடாதீர்கள். ஐந்து நிமிடப் பாட்டு ஆயிரம் இருந்தால் ஃபிளாக் 30 ஜிபி பிடிக்கும், வி2 நகல் 7 ஜிபி. 16 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் தாராளமாக அடங்கும்.

ராகம் தானம் பல்லவி தனித்தனி டிராக்குகளாக வெட்டப்பட்ட கச்சேரியை எம்பி3 ஆக்கினால், சில ஸ்டீரியோக்களில் டிராக்குக்கு டிராக் ஒரு சிறு இடைவெளி விழும். ஃபிளாக்கில் அது இல்லை. இப்படிப்பட்ட பதிவை மட்டும் ஒரே நீளக் கோப்பாக மாற்றிவிடலாம்.

பாட்டை ப்ளூடூத் வழியாகக் கேட்பவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். போனிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் வழியிலேயே ஒலி மறுபடி சுருக்கப்படுகிறது. போன் நிறைய ஃபிளாக் நிரப்பி ப்ளூடூத்தில் கேட்பதால் காதுக்குப் புதிதாக எதுவும் கிடைத்துவிடாது.

சத்தம், காப்பு, பென்டிரைவ்

1960களின் பாட்டு மெல்ல ஒலிக்கும், அடுத்து வரும் இன்றைய பாட்டு காதைக் கிழிக்கும். சத்தத்தைச் சமப்படுத்தும் 'நார்மலைஸ்' போட்டுக் கோப்பையே திருத்தாதீர்கள். ஃபூபாரில் 'ரீப்ளேகெயின்' ஸ்கேன் செய்தால், எவ்வளவு ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும் என்ற எண்ணைக் குறிப்பில் மட்டும் எழுதும், ஒலி தொடப்படாது. இதைப் புரிந்துகொள்ளாத கார் ஸ்டீரியோவுக்கான நகலில் மட்டும், மாற்றும்போதே அந்த எண்ணை ஒலியில் ஏற்றிவிடலாம். அது நகல்தானே.

மூலப்படிக்கு இரண்டு டிஸ்க் வேண்டும், இரண்டாவது வேறு வீட்டில். ஐப்பசியில், மலையாளக் கணக்கில் துலாம் மாதத்தில், பிற்பகல் இடி இறங்கும்போது செருகியிருக்கும் எல்லாமே ஒன்றாகப் போகலாம். நகலெடுத்து முடித்ததும் வயரைக் கழற்றி வைத்துவிடுங்கள். வருடத்துக்கு ஒரு முறை ஃபிளாக் கோப்புகளைச் சரிபார்ப்பு ஓட்டி, கெட்டது ஏதாவது இருந்தால் மற்ற டிஸ்க்கிலிருந்து மாற்றிக்கொள்ளலாம்.

காருக்கான பென்டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்யுங்கள். வேறு முறையைப் பல ஸ்டீரியோக்கள் படிக்காது. 32 ஜிபிக்கு உட்பட்டதாக வாங்கினால் விண்டோஸின் வழக்கமான பெட்டியிலேயே வேலை முடிந்துவிடும். பழைய ஸ்டீரியோவின் திரை தமிழையும் மலையாளத்தையும் காட்டாது. ஆகவே இந்த நகலில் மட்டும் கோப்பின் பெயரை ஆங்கில எழுத்தில், முன்னால் 01, 02 என்று எண் வைத்து எழுதிவிடுங்கள். எம்பி3டேக்கில் ஒரே சொடுக்கில் எல்லாக் கோப்புக்கும் எண் போடலாம். அப்படியும் வரிசை மாறிப் பாடினால், அந்த ஸ்டீரியோ பெயரைப் பார்க்காமல், எந்தக் கோப்பு முதலில் நகலானதோ அந்த வரிசையில் எடுக்கிறது என்று பொருள். பென்டிரைவை மறுபடி ஃபார்மட் செய்து, ஃபோல்டர்களை ஒவ்வொன்றாக, வேண்டிய வரிசையில் போட்டால் சரியாகிவிடும்.